அக்கா விசாரித்த தட்டைப்பயறு

என் பிரியமான அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. தோட்டத்து மாதுளை மறுபடி துளிர் விட்டிருக்கிறது. துளிர் வந்தால் பின்னாலேயே சாறு உறிஞ்ச அசுவினிப் பூச்சி வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? வந்துவிட்டது. அதனால்தான் ஒன்றை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, துடியலூரில் மகள் வீட்டில் படுத்திருந்தீர்கள். தோட்டம் என் பொறுப்பு. மாதுளையைச் சுற்றி வரப்போரம் நீங்கள் விதைத்திருந்த தட்டைப்பயறு முழுக்க அசுவினி மொய்த்திருந்தது. போதாக்குறைக்கு, உடம்பெல்லாம் முள்ளாகக் கறுப்புப் புழு வேறு. மாதுளைக்குத் தாவிவிடுமே என்று பயந்து, ஒரு செடி விடாமல் பிடுங்கித் தீ வைத்தேன். பெரிய வேலை செய்துவிட்ட மிதப்பில்தான் மறுநாள் உங்களைப் பார்க்க பஸ் ஏறினேன்.

நான் வாயைத் திறக்குமுன் நீங்களே ஆரம்பித்தீர்கள்.

"தட்டப்பயறுல அசுவினி ஏறிருக்குமே கண்ணு. ஏறட்டும், உட்டுரு. அங்கதான் பொறிவண்டு முட்டை வெக்கும். கறுப்பா முள்ளுமுள்ளா புழு இருந்தா நசுக்கிப்போடாத, அது வண்டோட குஞ்சு. அசுவினியத் தின்னு வளந்து, அப்பறம் மாதுளைல ஏறுனதயும் திங்கப் போயிரும். பயறு எப்பிடி இருக்குது?"

"நல்லாருக்குதுங்க அக்கா" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த முறை வந்தபோது உங்களுக்குப் பேச்சு நின்றிருந்தது. அந்தப் பருவம் மாதுளையில் இலையெல்லாம் சுருண்டு, பூ கொட்டிப்போனது. ஒருவேளை என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தீர்களா, அக்கா? தெரிந்துதான் சிரித்தீர்களா?

இந்த முறை துளிருக்கு முன்பே தட்டைப்பயறு விதைத்தேன். மாதுளையில் ஏறிய அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். மருந்து டேங்க்கைத் தொடவில்லை. இரண்டு வாரமாக வண்டையே காணோம். பயறைப் பார்க்கும்போதெல்லாம் பிடுங்கிப்போடக் கை பரபரத்தது. இன்று காலை ஒரு இலையைத் திருப்பினால், கொத்தாக மஞ்சள் முட்டை. பக்கத்து இலையில் அந்தக் கறுப்புப் புழு. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

என் வீட்டுக்காரி குழம்புக்குப் பயற்றங்காய் கேட்கிறாள். குஞ்செல்லாம் வண்டாகிப் பறக்கும்வரை அந்தச் செடியில் யாரையும் கை வைக்க விடமாட்டேன். மாசாணி ஆத்தா மேல் சத்தியம்.

பயறு நல்லாருக்குதுங்க அக்கா. இந்தத் தடவை நிஜம்.

அன்று உங்களிடம் பொய் சொன்ன
உங்கள் தம்பி