முழு முகவரியுடன்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்று போனில் நான் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். நான் இப்போது விடுதியில் இல்லை. குடியேற்றத் துறையின் வண்டி விடுதி வாசலுக்கே வந்துவிட்டது. வெளிநாட்டு மாணவர்களை விசாவில் ஏதோ குறை என்று அள்ளிக்கொண்டு போகிறார்கள். "நல்லா இருக்கேன்ப்பா, பசிக்குது, வச்சிடறேன்" என்றேன். பசிக்கவில்லை. போனில் பேசப் பயம். ஊருக்கு வரும் மாணவி ஒருத்தியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கல்லூரி எங்களைக் கைவிடவில்லை. வகுப்புக்குப் போகும்போதும் வரும்போதும் ஆசிரியர்கள் முறை வைத்துக் கூடவே நடக்கிறார்கள். வேதியியல் பேராசிரியை தன் வீட்டு மாடி அறையை எனக்கும் என் அறைத்தோழிக்கும் கொடுத்திருக்கிறார். "யார் தட்டினாலும் திறக்காதீங்க. மரியாதையா கூப்பிட்டா கண்டிப்பா திறக்காதீங்க" என்று தினமும் பாடம்.

என் விசா சரியாக இருக்கிறது. தோழியுடையது காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கக் கேட்டதற்குப் பதிலே இல்லை. அவள் நாட்டில் அவளுடைய அண்ணனைச் சுட்டுவிட்டார்கள். திரும்பினால் அடுத்தது இவள்தான். வெளியே தலை காட்டுவதே இல்லை. என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, "வாடகை குடுக்காத பேய் நான்தான்டி" என்று சிரிக்கிறாள்.

ஆத்திர அவசரத்துக்கு என்று முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள்.

உங்கள் ஊமைக்கோட்டான்


ஏப்ரல் 2

என் ஊமைக்கோட்டானுக்கு அப்பாவின் ஆசிகள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அம்மா அடுப்பை அணைக்கவே மறந்துவிட்டாள். "காலம் பூரா ஆபீஸ்ல குப்பை கொட்டினீங்களே, பெத்த பொண்ணுக்கு ஒரு மனு எழுதத் துப்பில்லையா?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் தலைமை அதிகாரிக்கே எழுதிவிட்டேன். இருவருக்கும் பாதுகாப்புத் தர வேண்டும், தோழியின் விசாவைக் கருணையுடன் பரிசீலிக்க வேண்டும் என்று. யாரிடமும் சொல்லாதே என்றாய், சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் துருவித் துருவிக் கேட்டார், மழுப்பிவிட்டேன். ஆனால் அரசாங்கம் யாரோ எவரோ இல்லையே அம்மா. முகவரி இல்லாத மனுக்களை நானே எத்தனையோ முறை குப்பையில் போட்டிருக்கிறேன். அதனால் பக்கவாட்டுப் படி, மாடி அறை உட்பட முழுமையாகக் குறிப்பிட்டேன். பதிவுத் தபால். பெற்றுக்கொண்டதாக முத்திரையுடன் அட்டையும் வந்துவிட்டது.

இனி தைரியமாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


ஏப்ரல் 20

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பேராசிரியைதான் கொண்டுவந்து தந்தார். அதற்கு முந்தின நாளே எல்லாம் முடிந்திருந்தது.

நான் வகுப்பில் இருந்தேன். பக்கவாட்டுப் படியேறி நேரே மாடிக்குப் போயிருக்கிறார்கள். தட்டியதற்கு அவள் திறக்கவில்லை. வெளியே நின்றபடி உங்கள் மனுவை வாசித்திருக்கிறார்கள். என் மகள் வாய் திறந்து எதையும் கேட்கமாட்டாள், அதனால் அவளுக்காக நான் கேட்கிறேன் என்று எழுதியிருந்தீர்களாமே.

தடுப்பு முகாமிலிருந்து அவளை ஒரே ஒரு முறை பேச விட்டார்கள். "கேட்டதுமே உங்கப்பான்னு தெரிஞ்சுது. விசா கிடைச்சிடுச்சுன்னு நினைச்சுத் திறந்துட்டேன்டி. அவர்கிட்ட சொல்லிடாத. பாவம், உடைஞ்சு போயிடுவாரு."

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொல்லாவிட்டால் நீங்கள் இன்னொரு மனு எழுதுவீர்கள்.

பேராசிரியையை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளை நாடு கடத்தாமல் இருக்கத் தடை உத்தரவு வாங்கக் கல்லூரியின் வக்கீல் ஓயாமல் அலைகிறார். நானும் வேறு சில மாணவிகளும் இன்னோர் இடத்துக்குப் போகிறோம். அவர்களில் சிலருக்கும் விசா இல்லை. அது எந்த இடம் என்று உங்களுக்கு எழுதமாட்டேன். கேட்காதீர்கள் அப்பா. உங்கள் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

பி.கு.: வக்கீல் இப்போதுதான் வந்து சொன்னார். தடை உத்தரவு கிடைப்பதற்குள் அவளை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.