கேசட்டைத் திருப்பிப் போடவும்

மார்ச் 4

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருக்கிறாய் என்று பத்திரிகையில் வந்த படம் சொல்கிறது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய்.

அழைப்பிதழ் கிடைத்தது. பழைய வீட்டுக் கணினிகளுக்காக அருங்காட்சியகம் நடத்தும் கண்காட்சி, அதில் ‘லிஃப்ட்காரன்’ விளையாட்டு, அதை உருவாக்கியவர் என்று கொட்டை எழுத்தில் உன் பெயர். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை முன்னும் பின்னும் பார்த்தாள். “உன் பேர் எங்கடா? உள்பக்கம் இருக்குமோ?” என்றாள். “இது ஒத்தை அட்டைம்மா, உள்பக்கமே கிடையாது” என்றேன்.

போன் செய்து கேட்டிருக்கலாமே என்பாய். போனில் உன்னிடம் நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. நீ பேசிக்கொண்டே போவாய். வைத்த பிறகுதான் எனக்குப் பதில் தோன்றும். காகிதத்தில் நான் உனக்குச் சளைத்தவன் அல்ல. ஆகவே நீயும் காகிதத்திலேயே பதில் எழுது.

கண்காட்சியின் இணையப் பக்கத்தில் விளையாட்டை ஏற்றியிருக்கிறீர்கள். ஆடிப் பார்த்தேன். பழைய கணினியைப் போலவே நடிக்கும் அந்த எமுலேட்டரில் பொத்தானை அழுத்தியதும், தொப்பியோடு லிஃப்ட்காரன் தரைத்தளத்தில் நிற்கிறான். நேரே ஆட்டம். கேசட்டிலிருந்து விளையாட்டு ஏறும் சத்தம் இல்லை. திரையின் விளிம்பில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் துடிக்கவில்லை. முக்கியமாக, வரி வரியாக மேலிருந்து விழுமே முகப்புப் படம், அதைக் காணோம். நம் கட்டடத்தையே பார்த்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக நான் வரைந்த படம். அதன் அடியில் இரண்டு பெயர்கள். எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் தமிழ் எழுத்துகளை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ‘ழ’ ஒன்று மட்டும் ஒரு விடுமுறையையே தின்றது.

எங்கே அந்தப் படம்?

அம்மாவுக்கு முட்டி வலி. கீழே இறங்குவதே இல்லை. லிஃப்ட் வழக்கம்போல் ஓடவில்லை.

அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

கையால் எழுதிய கடிதம் ஆபீசுக்கு வந்ததும் எல்லாரும் ஏதோ வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துவிட்டார்கள். படித்துப் பார்த்தேன், ஏறக்குறைய அதுதான்!

படத்தை யாரும் வேண்டுமென்று எடுக்கவில்லை. எங்கள் பொறியாளர் ஒருவர் என் கேசட்டை ஓடவிட்டு, விளையாட்டு ஏறிமுடித்த கணத்தில் கணினியின் நினைவகம் முழுவதையும் ஒரே கோப்பாகப் பிடித்துவிட்டார். ஸ்னாப்ஷாட் என்பார்கள், உனக்குத் தெரியாததா? திறந்தவுடன் ஆட்டம். கேசட் கோப்பாகவே மாற்றி வைத்தால் முகப்பு வரும், சரி. கூடவே பல நிமிடம் கீச்சுக்கீச்சென்று கத்துமே, அதை யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? லிஃப்ட் வரக் கொஞ்சம் தாமதமானாலே பொத்தானை நாலு தடவை குத்துகிற ஜனம் அண்ணா இது.

பெயர் விஷயம். சுவர்ப் பலகையில் ‘குடும்பத்தினருக்கு நன்றி’ என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அப்போது நாம் சின்னப் பையன்கள். எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டே இருந்தால் உடம்புக்கு ஆகாது. திறப்பு விழாவுக்குக் கார் அனுப்புகிறேன், அம்மாவை அழைத்துக்கொண்டு வா. நம் பழைய கேசட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம், பார்த்தால் சந்தோஷப்படுவாய்.

பாசமுடன்,
தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

குடும்பத்தினருக்கு நன்றி! தேநீர் போட்டுக் கொடுத்தவர்களுக்கும் விளக்கை அணைத்தவர்களுக்கும் சொல்வது போல. அதற்கு நீ ஒன்றும் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

உன் ஸ்னாப்ஷாட்டைப் பற்றிச் சொல்கிறேன். குடும்பப் படத்தில் ஓரமாக நிற்பவனைப் பின்பக்கம் மடித்துவிட்டுச் சட்டம் போட்டு மாட்டுகிறாய். ஏனடா என்று கேட்டால், சட்டம் சின்னது என்கிறாய். சட்டத்தை வாங்கியவன் யார்?

மனதில் வைத்துக்கொள்ளாதே என்கிறாய். வைத்துக்கொள்வேன். ‘யாருடைய உதவியும் இல்லாமல் தனியாக எழுதினேன்’ என்று நீ பேட்டி கொடுத்ததை வைத்திருக்கிறேன். என் பாடக்குறிப்பைப் பார்த்துப் பாடம் நடத்தியவனைக் கல்லூரியில் துறைத்தலைவன் ஆக்கிவிட்டு, எனக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள், அதையும் வைத்திருக்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ வரவில்லை, பழக்கூடை வந்தது. சர்க்கரை நோயாளிக்கு மாம்பழமும் திராட்சையும்! அப்பா அதைப் பார்த்து, “சின்னவன் என்னைச் சீக்கிரம் அனுப்பிடலாம்னு பாக்கறான்” என்று சிரித்தார். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

உனக்குரியதை நான் மறுக்கவில்லை. லிஃப்ட்காரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறானே, அந்த நடை உன்னுடையது. காத்திருக்கும் ஆட்கள் பொறுமையில்லாமல் காலைத் தட்டுவது உன் யோசனை. எந்த மாடியில் யார் அழைத்தால் லிஃப்ட் எந்தப் பக்கம் போகவேண்டும் என்கிற கணக்கு முழுவதும் என்னுடையது. படங்கள் என்னுடையவை. எழுத்துகள் என்னுடையவை. ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து எழுதினோம். “நகரு, நீ தட்டினா தப்பாத்தான் தட்டுவ” என்பேன் நான். “உனக்கு மட்டும் பன்னெண்டு விரலா?” என்பாய் நீ. அந்தப் பாதி நாற்காலியைத்தான் கேட்கிறேன். அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை.

விழாவுக்கு வரமாட்டேன். கார் அனுப்பாதே. அனுப்பினால் காலியாகத்தான் திரும்பும், ஓட்டுநருக்கு வீண் அலைச்சல்.

ஒரே ஒரு கேள்வி. நீ உருவாக்கிய விளையாட்டை நீ கடைசிவரை ஆடிப் பார்த்திருக்கிறாயா?

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

அந்தக் கேள்வியை நீ எதற்குக் கேட்டாய் என்று இப்போதுதான் தெரிகிறது. தெரிந்தே விட்டிருக்கிறாய்.

திறப்பு நாளில் பெரிய திரையில் விளையாட்டை ஓடவிட்டிருந்தோம். கூட்டத்திலிருந்து பஸ் ஓட்டுநர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் இந்த மாதிரி விளையாட்டுகள் ஆடிய கையாம்; மளமளவென்று ஏறினார். நான் ஐந்தாம் மாடியைத் தாண்டியதே கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். அவர் எல்லாரையும் ஏற்றி இறக்கி மொட்டைமாடிக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். லிஃப்ட்காரன் தொப்பியைக் கழற்றினான். கைதட்டல். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். திரை கறுப்பாகியது. நடுவில் நாலு சொல்: ‘கேசட்டைத் திருப்பிப் போடவும். காத்திருக்கிறேன்.’

அவ்வளவுதான். காத்துக்கொண்டே இருந்தது. ஸ்னாப்ஷாட்டில் கேசட் ஏது, திருப்புவதற்கு?

அருங்காட்சியக இயக்குநர் என் காதருகே வந்து, “அடுத்து என்ன சார் வரும்?” என்றார். நான் எழுதியதாகச் சொல்லிக்கொண்ட விளையாட்டில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. “அது சஸ்பென்ஸ் சார்” என்றேன். ஓட்டுநர் திரும்பி, “ஏன் சார், கேசட் அந்தக் கண்ணாடிப் பெட்டியிலதானே இருக்கு, திருப்பிப் போட வேண்டியதுதானே?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் எடுத்துத் திருப்பிப் போட்டோம். மறுபக்கத்தில் ஏதோ இருக்கிறது. ஆனால் எந்த மென்பொருளில் கொடுத்தாலும் வெறும் இரைச்சல், ஒரு துண்டுகூடத் தேறவில்லை என்கிறார் பொறியாளர். நீ என்ன செய்து வைத்திருக்கிறாய்? எப்போது செய்தாய்? உன்னிடம் மூலக் கேசட் இருக்கும். அதையும் ஸ்னாப்ஷாட்டாக மாற்றி அனுப்பு. மொட்டைமாடி முடிந்ததும் ஒட்டிக்கொள்கிறோம். சுவரில் ‘உதவி’ என்று போட்டு உன் பெயரைத் தனியாகவே எழுதச் சொல்கிறேன். போதுமா?

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

போதாது.

எப்போது செய்தேன் என்று கேட்கிறாய். நீ விடுதிக்குப் படிக்கப் போன பிறகு செய்தேன். நாற்காலி முழுவதும் எனக்கே கிடைத்தது. ஏறினவன் இறங்க வேண்டாமா என்று யோசித்தேன். மொட்டைமாடியிலிருந்து பாதாள அறைவரை, மின்சாரம் போன கட்டடத்தில், லிஃப்ட் இல்லாமல் லிஃப்ட்காரன் படிப்படியாக இறங்குகிறான். இருட்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டி ஆட்களைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஒருவரை விட்டுவிட்டு வந்தாலும் கீழ்க்கதவு திறக்காது. முதல் பக்கத்தின் முடிவில் அந்த நாலு சொல்லையும் சேர்த்தேன். நீ விடுமுறையில் வந்தபோது கேசட்டின் பிரதி ஒன்றை உன் கையில் கொடுத்து, “மறுபக்கத்தப் பாருடா” என்றேன். “பாக்கறேன்ணா” என்றாய். இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாய், அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, என் பக்கம் குப்புறக் கிடக்க. மேலே போகத்தான் உனக்குத் தெரியும். இறங்கும் பாதை ஒன்று இருப்பதே உனக்குத் தெரியாது.

உன் பொறியாளரைத் திட்டாதே. நம் பழைய கணினிப் பெட்டி கேசட்டைப் படிக்கும் வேகம் எனக்குப் போதவில்லை. அதனால் வேகமாக ஏற்றும் வழியை நானே எழுதி, மறுபக்கத்தை அதில் பதிந்தேன். சாதாரணக் கேசட் கோப்புக்குப் பெட்டியின் சொந்த வேகம் மட்டும்தான் தெரியும். என்னுடையதைக் கேட்டால் இரைச்சல் என்றுதான் சொல்லும். என்னைப் பற்றி எல்லாரும் சொன்னதும் அதுதான். ஒவ்வொரு துடிப்பின் நீளத்தையும் அப்படியே குறித்துக்கொள்ளும் வேறொரு கோப்பு வகை உண்டு. டேப் ரிக்கார்டரைத் திறந்து, நாடாவைப் படிக்கும் தலையின் திருகாணியைத் துளித்துளியாகத் திருப்பி, என் மூலக் கேசட்டின் மங்கிய ஒலி கணீரென்று ஆனதும் பதிவு செய்து, அந்த வகைக்கு மாற்றினேன். ஒரு துண்டும் விடாமல் தேறியது. எமுலேட்டர் முழுவதையும் படித்தது.

அதை உனக்கு அனுப்பப் போவதில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்த முழுக் கேசட் கோப்பை, பழைய விளையாட்டுகளைச் சேகரிக்கிறவர்கள் நடத்தும் பொதுக் களஞ்சியத்தில் என் கையாலேயே ஏற்றிவிட்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நீயும் எடுத்துக்கொள்ளலாம், வரிசையில் நின்று. அருங்காட்சியக இயக்குநருக்கும் எழுதிவிட்டேன்: வைத்தால் முழுதாக வையுங்கள், இல்லையென்றால் வேண்டாம். சத்தம் வரும், கோடுகள் துடிக்கும், படம் வரி வரியாக விழும். மறுபக்கம் ஏறும்போது இன்னொரு முறை விழும். ஜனம் காத்திருக்காது என்கிறாயே, காத்திருக்காதவர்கள் போகட்டும். அந்த பஸ் ஓட்டுநர் காத்திருப்பார். நாளைக்கு யாராவது மறுபடி வெட்டி, ஸ்னாப்ஷாட் எடுத்து, அதன் மேல் உன் பெயரை ஒட்டலாம். ஒட்டட்டும். முழுசு வெளியே இருக்கிறது. இனி மடிக்க முடியாது.

ஒன்று சொல்லவேண்டும். கோப்பாக மாற்றும்போது முகப்புப் படம் என் முன்னால் வெறும் எண்களாகத் திறந்து கிடந்தது. உன் பெயர் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அந்த எண்களையெல்லாம் பூச்சியமாக்கினால் வேலை முடிந்தது. கை போகவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். போனது. ஆனால் அழிக்கவில்லை. அழித்தால் உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? உன் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, என் பெயருக்கு மேலே.

அம்மாகூடக் கேட்டாள். “பெரியவன் பேர்தானேடா முதல்ல வரணும்? சின்னவன் பேர் எப்படி மேல போச்சு?”

“அன்னிக்கு அவன் அழுதாம்மா.”

“அவன் அழுதா நீ விட்டுக் கொடுத்துடுவியா?”

“அப்ப விட்டுக் கொடுத்தேன். இப்ப அழச் சொல்லு பாப்போம்.”

அவள்தான் இப்போது மறுபக்கத்தை ஆடிக்கொண்டிருக்கிறாள், நம்புவாயா? நாலாம் மாடியில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். “இந்த ஆளு ஏன்டா இப்படி ஆமை மாதிரி இறங்கறான்?” என்கிறாள். “அவனுக்கும் முட்டி வலிம்மா” என்றேன். யாரையும் விட்டுவிட்டு வரக்கூடாது என்று ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு முறை போகிறாள். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அழைப்பு மணி அடித்தால் மட்டும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள்.

இதற்கு மேல் கடிதம் வேண்டாம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இங்கே வா. பழைய பெட்டி இருக்கிறது. அந்த நாற்காலியும் இருக்கிறது, நகர்ந்து உட்காருவேன். கார் வாசல்வரைதான் வரும். அதற்குப் பிறகு ஆறு மாடி, லிஃப்ட் ஓடாது, உனக்கு மூச்சு வாங்கும்.

ஏறி வா. நான் இறங்கி வருவதாக இல்லை.

அண்ணன்