ஓட்டை இல்லாத ஓடுகள்

நேற்று அலமாரியை ஒழிக்கும்போது, நாம் நத்தை ஓடு போட்டு வைத்த ஊறுகாய் பாட்டில் கையில் சிக்கியது. மூடியைத் திறந்தேன். சுற்றிலும் நடவு வயலாக இருக்கிற இந்தத் திருத்துறைப்பூண்டி வீட்டுக்குள் ஒரு நொடி கடல் வந்து போனது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ். ஜன்னலோரம் எப்போதும் உனக்கு. வாய்க்கால், நாற்றங்கால், கொக்கு எல்லாம் பனிக்குள் மிதந்து போகும். நீ பாதித் தூக்கத்தில் என் தோளில் சாய்வாய். வாரம் முழுக்கக் கல்லூரியில் விலங்கியல் நடத்தித் தொண்டை கட்டிய இரண்டு பேர், விடுமுறையிலும் கடற்கரையில் குனிந்தபடி நடந்தோம். வேட்டையாடும் நத்தை ஒன்று உண்டு. மற்ற நத்தையின் ஓட்டில் வட்டமாக ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். கோடியக்கரையிலிருந்து வடக்கே எந்தக் கரையில் எத்தனை ஓட்டை என்று எண்ணினால், வேட்டை எங்கே அதிகம், எங்கே குறைவு என்று தெரியும். அவ்வளவுதான் நம் ஆராய்ச்சி.

தெற்கே கை நிறைய ஓட்டை விழுந்த ஓடுகள். வேளாங்கண்ணிப் பக்கம் ஒன்று கிடைப்பதே அபூர்வம்.

"இங்க வேட்டையே இல்லடி, எழுதிடுவோம்" என்றேன்.

"அவசரப்படாத. இன்னொரு தடவ வந்து உக்காந்து பாப்போம்" என்றாய்.

நான் கேட்கிற ஆளா? இரண்டு பேர் பெயரையும் போட்டு ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினேன். அச்சிலும் வந்துவிட்டது.

பிறகு நீ தனியாகப் போய், விடியும்போதே மணலில் உட்கார்ந்திருக்கிறாய். சிப்பி மாலை கோத்து விற்கிற அம்மா ஒருவர் கூடையோடு வந்தாராம். "ஓட்டை உள்ளதா பாத்துதாம்மா பொறுக்குவோம். ஊசி சுளுவா போயிடும்ல" என்றாராம். நாம் போய்ச் சேர்வதற்குள் ஓட்டை ஓடெல்லாம் மாலையாகி யார் யார் கழுத்திலோ ஏறியிருந்தது! ஸ்டாஃப் ரூமில் விழுந்து விழுந்து சிரித்தபடி சொன்னாய்: "திருத்தம் எழுதிடுவோம்டி."

எனக்கு மானமே போனது போல இருந்தது. "என்னக் கேவலப்படுத்தத்தான் போனியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அடுத்த வாரம் நீ லீவு போட்டாய். போன் இல்லை. கோபம் போல, இருக்கட்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன். இரண்டு மாதம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாய் என்பதே நீ கண்ணை மூடிய பிறகுதான் தெரியும். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருந்தாயாம்.

திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். கண்டுபிடித்தது நீ என்று முதல் வரியிலேயே இருக்கிறது. அதில் மனசு ஆறவில்லை. இப்போதெல்லாம் யாராவது இரண்டு நாள் பேசாவிட்டால் கோபம் என்று நான் நினைப்பதில்லை; நேரே அவர்கள் வாசலில் போய் நிற்கிறேன். கதவைத் திறந்து, "ஒண்ணுமில்ல, போன்தான் ரிப்பேர்" என்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிடுகிறது.