சுடாத கிடாயின் பங்கு

ஒக்டோபர் 10, வெள்ளி

விடியலிலிருந்து தூறல். முதல் ஷிப்ட் முடிய ஒரு மணி. பஸ்ஸை டிப்போவில் விட்டு நேரே வீடு. மூட்டை கட்டல்.

இரவு ரயில். விடிந்தால் ஸ்கொட்லாந்து. மலையில் காட்டாடு. ஐந்து வருடம் துப்பாக்கி ரேஞ்சில் அட்டையைச் சுட்டுச் சுட்டு, முதல் தடவை உயிருள்ளதை. எழுதிப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

கொண்டுபோக:
கம்பளிக் காலுறை 3
மழைக் கோட்
பைனாகுலர்
முழங்கால் தைலம்
ஐஸ் பெட்டி 2 (இறைச்சிக்கு)

ஒரு பிழை விட்டாயிற்று. வாட்ஸப் குழுவில், "கிடாய் அடிக்கப் போறன், பங்கு வேணுமெண்டால் சொல்லுங்கோ" என்று பகிடிக்குப் போட்டேன். நாலு வீடு சேர்ந்து ஒரு ஆட்டை அடித்துப் பங்கு பிரிக்கிற பழக்கம் லண்டன் டூட்டிங் வந்தும் எங்களை விடவில்லை. பகிடி என்று ஒருத்தரும் எடுக்கவில்லை. அரை மணிக்குள் எல்லாம் போய்விட்டது. பின்தொடை மச்சான் ரவிக்கு. தலையும் குடலும் வெம்பிளி ஆட்களுக்கு. ஈரல் முழுதும் செல்வம் அண்ணைக்கு.

மற்றவர்களைச் சமாளிக்கலாம். செல்வம் அண்ணையை முடியாது. நான் வந்த புதிதில் ஏழு மாதம் தன் முன்னறையில் படுக்க விட்ட மனிதர். இன்றைக்கும் அவருடைய மரக்கறிக் கடைக்குப் போனால் வெறும் பையோடு திரும்ப விடமாட்டார். கேட்டது ஒரு ஈரல்.

மனைவி வசந்தி: "ஆடு அங்க மலையில நிக்குது. இஞ்ச அதுக்குப் பங்கு பிரிச்சாச்சு. நல்ல ஆக்கள்! கிடாய் எண்டால் மொச்சை நாத்தம் அடிக்கும், என்ர சட்டியில வைக்கேலாது, சொல்லிப்போட்டன்."

ஒக்டோபர் 13, திங்கள். ரயிலில்

ஐஸ் பெட்டி இரண்டும் காலி. முன் சீற்றில் ஒரு பிள்ளை அழுதுகொண்டே வருகிறது. எனக்கும் சேர்த்து அழட்டும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

சனி முழுக்க நடை. காற்று எங்கள் முதுகுப் பக்கம். மணம் பிடித்து ஆடுகள் எல்லாம் ஓட்டம். முழங்கால் போச்சு. வழிகாட்டியாகக் கூட்டிப் போன கேலம் அறுபது வயது ஆள், மூச்சுக்கூட வாங்கவில்லை. எரிச்சல்.

ஞாயிறு பதினொரு மணி. ஈரப் புல்லில் நெஞ்சு பதியப் படுத்திருக்கிறோம். எதிர்ச் சரிவில் ஒற்றைக் கிடாய். இடக் கொம்பின் நுனி முறிந்தது. தூரம் நூற்றைம்பது மீற்றர், ரேஞ்சில் நான் தவற விடாத தூரம். காற்றும் சரி. ஆனால் ஆடு பக்கவாட்டில் நிற்கவில்லை. எங்களை நோக்கிக் கோணலாக நின்றது.

கேலம் காதுக்குள், "முடிவு உன்னுடையது" என்றான்.

தோளுக்குள் இறங்குகிற குண்டு அந்தக் கோணத்தில் எங்கே போகும் என்று யோசித்தேன். நேரே ஈரலுக்கு. ஈரல் கூழ். செல்வம் அண்ணைக்கு என்ன கொடுப்பது? திரும்பட்டும், பக்கம் காட்டட்டும் என்று துவக்கின் விசையிலிருந்து விரலை எடுத்தேன். மஞ்சள் லைட்டில் பஸ்ஸை நிறுத்துகிற நேரம்கூட இல்லை. அது இரண்டு அடி வைத்தது, பாறைக்குப் பின்னால் போனது, அவ்வளவுதான். மூன்று மணிவரை கிடந்தோம். வரவில்லை.

கேலம் முதுகில் தட்டினான். அந்தக் கோணத்தில் சுட்டால் காயத்தோடு ஓடியிருக்கும், துடித்துச் செத்திருக்கும், முதல் தடவை வருகிற ஆள் இப்படி விட்டு நான் பார்த்ததில்லை என்றான். நானும் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டினேன்.

துடிப்பதைப் பற்றி ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை. பொயிலர் திருத்த வருகிறவன் இன்றும் வரவில்லை. பாதை மாற்றம், பஸ் இருபது நிமிடம் பிந்தி, ஏறின அத்தனை பேரும் என்னை முறைத்தார்கள்.

ரவி போனில்: "துவக்கு வேலை செய்யேல்லையோ மச்சான், ஆள் வேலை செய்யேல்லையோ?" சிரிப்பு வேறு. கட் பண்ணினேன்.

செல்வம் அண்ணை கடையில் வைத்து மெதுவாக, "அது பரவாயில்லைத் தம்பி, அடுத்த முறை பாப்பம்" என்றார். ஒரு கட்டு முருங்கைக்காயைப் பையில் வைத்தார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன்.

எல்லாவற்றிலும் மோசம் வசந்திதான். எனக்கு நல்ல புத்தி வந்ததென்று விம்பிள்டன் கோயிலில் அர்ச்சனை! போனில் தங்கைக்கு: "அவருக்கு மனம் வரேல்லையடி. சீவனைப் பாத்த உடன துவக்கை இறக்கி வைச்சிட்டாராம்." அப்படி நான் எங்கே சொன்னேன்? வாயைத் திறந்தால் ஈரல் கதை வெளியே வரும். மூடிக்கொண்டு இருந்தேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

ஷிப்ட் இடைவேளையில் கேலமின் போன்.

செவ்வாய்க்கிழமை வேறொரு ஆளைக் கூட்டிப் போயிருக்கிறான். அதே சரிவு. அதே முறிந்த கொம்பு. அதே கோணல். பொறு என்று கேலம் சொல்ல முன்னமே அந்த ஆள் சுட்டுவிட்டான். குண்டு வயிற்றில். ஆடு பாறைகளுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு நாளாகத் தேடுகிறார்கள், இரத்தம் மட்டும் அங்கங்கே. "உன்னைப் பற்றி அவனிடம் சொன்னேன்" என்றான் கேலம். "பொறுக்கத் தெரிந்த ஆள் என்று."

தாங்க முடியவில்லை. டிப்போ கன்டீனில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று, என் உடைந்த ஆங்கிலத்தில் முழுவதையும் கொட்டினேன். பட்டியல், பங்கு, ஈரல். எனக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்றேன்.

"உனக்கு ஈரல், அவனுக்குக் கொம்பு" என்றான் கேலம். "சுவரில் எந்த இடத்தில் மாட்டுவதென்று காலையிலேயே எனக்குச் சொல்லிவிட்டான்."

பிறகு கேட்டான்: வர முடியுமா, தேட ஆள் போதாது. கண்டுபிடித்தால் கிட்டப் போய் நான்தான் சுட வேண்டியிருக்கும், வயதான தன் கைக்கு இப்போது அந்த நிதானம் இல்லையாம். இறைச்சி ஒன்றுக்கும் உதவாது, அங்கேயே புதைக்க வேண்டியதுதான் என்றும் சொன்னான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கும் யோசனை. பின்நேரம் முழுக்க ஒவ்வொரு ஸ்டொப்பிலும் அந்தக் கிடாய்தான்.

ஒக்டோபர் 17, வெள்ளி

வெயில். குளிர்.

ஷிப்ட் மாற்றியாயிற்று. குழுவிலிருந்து பங்குப் பட்டியலை அழித்தேன். வசந்தி சாப்பாடு கட்டித் தந்தாள். நேற்று இரவு அவளிடம் ஈரல் கதையைச் சொல்லிவிட்டேன். அர்ச்சனை வீண் என்று மட்டும் சொன்னாள்.

புறப்பட முன் செல்வம் அண்ணையின் போன். "திரும்பப் போறீராம், ரவி சொன்னவன். ஈரலை மறக்காதையும்."

"இந்த முறை பங்கு இல்லை அண்ணை."

"அப்ப என்னத்துக்குத் தம்பி அவ்வளவு தூரம்?"

"அது இன்னும் சாகேல்லை அண்ணை."

எத்தனை மணிக்கு ரயில் என்று கேட்டார்.

ஐஸ் பெட்டிகளை எடுக்கவில்லை. ரயில் பத்து மணிக்கு.