நீயும் கலந்த பாட்டில்

அசிட்டோன் வாசனை. பாட்டில் கழுவும் நாளில் ஆய்வகம் முழுக்க நிற்கும். இன்று காலை அதோடு உன் குரலும் வந்தது: "மூக்கப் பொத்தாதடி, மூடியப் பொத்து."

கழுவியது உன் பாட்டிலை.

உன்னுடையது மட்டுமல்ல. சேலம், நாமக்கல் பக்கத்துத் தாய்மார் பலர் கொடுத்த பாலை ஒன்றாகக் கலந்தோம். சோதனை போக மீந்தது டீப் ஃப்ரீசரின் அடித்தட்டில் இருந்தது. கொஞ்சம்தான். அதில் உன் பாலும் உண்டு. நீ போன பிறகு அதை யாரையும் தொட விடவில்லை.

நாம் தேடியவை பழைய பூச்சிமருந்துகள், மின்மாற்றி எண்ணெய், குப்பை எரியும் புகையில் பிறப்பவை. மட்காதவை. காற்றில் ஏறி நாடு தாண்டுபவை. கொழுப்பில் தங்குபவை. அதனால்தான் உலகெங்கும் தாய்ப்பாலில் பார்க்கிறார்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஏறுகிறதா, இறங்குகிறதா. அவ்வளவுதான் கேள்வி.

பரமத்தி வேலூர் நினைவிருக்கிறதா? வெற்றிலைக் கொடிக்கால் ஓரத்து வீடு. மடியில் குழந்தையோடு அந்தப் பெண் கேட்டாள்.

"எம்பாலு நல்லதுங்களா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

நான் விதியைச் சொன்னேன். எல்லார் பாலையும் கலந்துதான் பார்ப்போம்; தனியாக யாருக்கும் முடிவு வராது.

"அப்ப நானு பவுடர் பாலே கரைச்சுக் குடுத்துக்கறனுங்க." காலி பாட்டிலைத் திருப்பி நீட்டினாள்.

உன் மகனை அன்று கொண்டப்பநாயக்கன்பட்டியில் உன் அம்மாவிடம் விட்டு வந்திருந்தாய். கைக்குழந்தை. நீ சிரித்தாய்.

"இதுல எம்பாலும்தாங்க கலக்குது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் எம்பையனுக்கும் அதத்தான் குடுப்பேன். தாய்ப்பால்ல இருக்கற நல்லது ரொம்பப் பெருசுங்க. நிறுத்திராதீங்க."

"இந்தம்மாவுக்கு வாயி லாரி ஹாரனாட்ட இருக்குது," என்றாள் அவள். பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பும் பேருந்தில் பால் கசிந்து உன் ரவிக்கை நனைந்திருந்தது. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டாய். "கத்திட்டிருப்பான்டி," என்றாய்.

பிறகு அயோத்தியாப்பட்டணம். மழை. ஒரு லாரி.

எட்டு ஆண்டு கழித்து இந்தச் சுற்றில், பட்டியலில் புதிய நச்சுகளின் பெயர்கள். அன்று நாம் தேடாதவை. அவை ஏறுகின்றனவா என்று அறியப் பழைய பால் வேண்டும். உருக்கினால் தீர்ந்துவிடும். ஒப்புதல் தர வேண்டியவள் நான். தரவில்லை.

போன வாரம் மறுபடி பரமத்தி வேலூர். வேறு வீடு, வேறு பெண். அதே கேள்வி. எனக்குக் குழந்தை இல்லை. உன் பதிலைத்தான் சொன்னேன்.

"என் சிநேகிதியும் அவ பையனுக்குக் குடுத்துக்கிட்டே இதுக்கும் குடுத்தாளுங்க. உங்க பாலையும் அவ பாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுத்தான் பாக்கப் போறோம்." யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அவங்க வரலீங்களா?"

"இல்லீங்க. ரோட்டுல அடிபட்டுப் போயிட்டா."

குழந்தையைத் தோள் மாற்றினாள்.

"பையன்?"

"மூணாங்கிளாஸ். வாரத்துக்கு ஒருக்கா எங்காவது விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டு வர்றான்."

"அப்ப நல்லாத்தான் இருக்கறான்," என்றாள். "பாட்டிலக் குடுங்க."

அன்று மாலை அவள் பாட்டிலை உன் பாட்டிலின் பக்கத்தில் வைத்தேன். தனியாக அது பாதிதான் சொல்லும். அவளிடம் சொன்னதை உன்னை வைத்துத்தான் காப்பாற்ற முடியும். ஒப்புதலில் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று உருகியது. பாட்டிலின் கழுத்தருகே பாலாடை மஞ்சளாய் ஒதுங்கி நின்றது. மெல்லக் குலுக்கினேன். அது மறுபடி கலந்தது, நீயும் பெயர் தெரியாத அத்தனை பேரும். கடைசிச் சொட்டுவரை ஊற்றினேன்.

நாம் அன்று தேடியவை இறங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். புதியவை எப்படியோ. எதுவானாலும் இனித் தெரியும்.

பாட்டில் காய்ந்துவிட்டது. மூடியைப் பொத்தினேன், மூக்கை அல்ல. அதைப் பையில் வைத்திருக்கிறேன். நாளை வேலூரில் இன்னொரு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அங்கும் கேட்பார்கள். உன் பதில் என்னிடம் இருக்கிறது.