டெஸ்ட் படத்தில் நின்றவனுக்கு

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை கோலாலம்பூரில் ஒரு கேமரா கடையில், ஐம்பத்திரண்டு வயது ஆள் நான், சாஃப்ட்பாக்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். ஃபிளாஷுக்கு முன்னால் மாட்டுவோமே, அந்தத் துணிப்பெட்டிக்குள்தான். கடையில் இருந்த சீனப் பெண் வந்து, தலை மாட்டிக்கொண்டதா என்று மலாயில் கேட்டாள். இல்லை, மோந்து பார்க்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவள் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

நம் பழைய பெட்டி கிழிந்துவிட்டது. தைத்துப் பார்த்தேன், தைத்த இடத்துக்குப் பக்கத்தில் கிழிந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகியும் அந்தத் துணியில் உன் தைல வாசனை போகவில்லை. தோள்வலிக்குத் தேய்த்துக்கொண்டு, அதே தோளில்தானே பெட்டியின் கம்பைச் சாய்த்துப் பிடிப்பாய். புதுப் பெட்டியில் பிளாஸ்டிக் வாசனை அடித்தது. வேறு என்ன அடிக்கும்? இருந்தாலும் ஒரு தடவை விட்டுப் பார்த்தேன்.

பழையதை வாங்குவதற்கு முன்னால் மூன்று மாதம் பேசினோம். போர்ட் கிள்ளான் கிடங்கில் வேலை முடிந்து நீ ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வருவாய். நான் நம் சாப்பாட்டுக் கடையில் இரண்டு தே தாரிக் டீ சொல்லிவைத்திருப்பேன். மேசையில் உன் போன், அதில் வரிசையாகப் பெட்டிகள். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இங்கிலீஷில் எழுதியிருப்பதை நீதான் படித்துச் சொல்வாய். சதுரமா, எட்டு மூலையா? உள்பக்கம் வெள்ளியா, வெள்ளையா? வெள்ளி என்றால் நம்முடைய சின்ன ஃபிளாஷிலும் வெளிச்சம் எகிறும், ஆனால் வியர்த்த முகமெல்லாம் எண்ணெய் வழிவதுபோல் மின்னும். வெள்ளை என்றால் வெளிச்சம் குறையும், ஆளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடிக்க வேண்டும், ஆனால் தோல் தோலாகவே தெரியும். பெண் பார்த்தபோதுகூட நீ இவ்வளவு யோசிக்கவில்லையே என்றேன்.

"அப்ப அவதான் லா யோசிச்சா. எனக்கு எங்க சான்ஸு குடுத்தாங்க," என்றாய்.

கடைசியில் எட்டு மூலை, உள்ளே வெள்ளை என்று முடிவு கட்டியது நீ. காரணமும் சொன்னாய்: "என் மூஞ்சில சரியா விழுந்தா எவன் மூஞ்சிலயும் விழும்." நீ நல்ல கருப்பு. அதை வைத்து நான் பேசாத பேச்சில்லை. கரண்டு போனால் உன்னைத் தேட டார்ச் லைட் வேண்டும் என்பேன். நீயும் சிரிப்பாய். எல்லாத் தடவையும் சிரித்தாயா, இல்லை நான் சிரித்த சத்தத்தில் எனக்குத் தெரியாமல் போனதா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

கல்யாணப் படம் எடுக்க மண்டபத்துக்குள் நுழைந்ததும் நாம் செய்யும் முதல் வேலை டெஸ்ட். பெண் வந்து நிற்கப்போகும் இடத்தில் நீ போய் நிற்பாய். பெட்டியை ஸ்டாண்டில் வைத்து உன்னை இரண்டு மூன்று படம் எடுத்து வெளிச்சத்தைச் சரிசெய்வேன். பெண் வந்ததும் நீ நகர்ந்து பெட்டியைத் தோளில் எடுத்துக்கொள்வாய். நான் உன் படங்களை அழிப்பேன். ஒரு தடவை அழிக்க மறந்து, அது அப்படியே கல்யாண வீட்டுக்குப் போய், மணவறை முன்னால் விறைப்பாக நிற்கும் இந்த மாமா எந்தப் பக்கத்து உறவு என்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள் அல்லவா? அதிலிருந்து பெண் வருவதற்குள் அழித்துவிடுவது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. பதினோரு வருஷம். எல்லாக் கல்யாணத்திலும் முதல் படம் நீ. ஒன்றுகூட இல்லை.

கிள்ளானில் அந்த ஞாயிற்றுக்கிழமை. நீலச் சட்டை போட்டிருந்தாய். டெஸ்ட் படம் என்று சொல்லவே முடியாது, அப்படி வந்திருந்தது. கன்னத்தில் வெளிச்சம் மெதுவாக இறங்கி, கண் இரண்டிலும் வட்டமாக ஒரு பொட்டு. நீ கேமராவின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாய்.

"இத வெச்சுக்கோடா. கல்யாண ஆல்பத்துக்கு அப்புறம் எங்க வீட்டுல என் படம்னா ஐசி கார்டு படம்தான்."

நல்ல விஷயம் காதில் விழுந்தால் எனக்கு உடனே கேலிதானே வரும். படத்தைப் போனுக்கு மாற்றி, முகத்தை நன்றாக வெளுக்கவைத்து, உதட்டில் ரோஸ் கலர் தடவி, மாப்பிள்ளை ரெடி என்று வாய்ஸ் பேசி உனக்கு அனுப்பினேன். பெண் வீட்டார் கேட்டால் எல்லாரையும் அப்படி வெளுக்கவைப்பவன்தான் நான். "வெளிச்சம் குடுடா, வெள்ளையடிக்காத" என்று நீ முணுமுணுத்துக்கொண்டே இருப்பாய். அன்றைக்கு உன்னிடமிருந்து ஒரு வரிதான் வந்தது: இது யாரு லா?

மறுநாள் ஒரிஜினல் இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது, அனுப்புகிறேன் என்றேன். இல்லை. கார்டில் இருந்ததை வழக்கம்போல் அழித்துவிட்டேன். போனில் வெளுத்த படத்தை அதன் மேலேயே சேவ் செய்துவிட்டேன். நீ இன்னும் இரண்டு தடவை கேட்டாய். ஒரு தடவை, பழைய கம்ப்யூட்டரில் தேட வேண்டும் என்றேன். இன்னொரு தடவை, கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றேன். அழித்துவிட்டேன், வா, இன்னொன்று எடுப்போம் என்று சொல்லியிருந்தால் பத்து நிமிஷ வேலை. பெட்டி இருந்தது, நீயும் இருந்தாய்.

பிறகு ஒரு காலை ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அஞ்சலி பேனர் அடிக்கிறவர் படம் கேட்டார். உன் பெண்டாட்டியை நான் தங்கச்சி என்றுதானே கூப்பிடுவேன், அவர் போனில் இருந்ததெல்லாம் கூட்டத்தில் பாதி முகம், இல்லாவிட்டால் முதுகு. நேராகப் பார்க்கும் படம் ஒன்றே ஒன்றுதான். நான் வெளுத்தது. அதைக் கொஞ்சம் கருக்கவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். சாம்பல் பூசியதுபோல் ஆனதே தவிர நீ வரவில்லை. உன் வீட்டு ஹாலில் மாலையோடு தொங்குவது ரோஸ் உதட்டோடு ஒரு வெள்ளைக்கார மாப்பிள்ளை. துக்கம் கேட்க வந்த பெரியம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது அவனுடைய அண்ணனா என்று என்னிடமே கேட்டார். அதற்குப் பிறகு யாரையும் வெளுக்கவைப்பதில்லை. இரண்டு மூன்று கல்யாணம் கைவிட்டுப் போயிற்று, போகட்டும்.

போன மாதம் தங்கச்சி போன் செய்தார். "எனக்கு இப்பவே ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணே. நான் எப்படி இருக்கேனோ அப்படியே. பின்னாடி பிள்ளைங்க தேடக் கூடாது." அதற்காகத்தான் இந்தப் புதுப் பெட்டி. எட்டு மூலை, உள்ளே வெள்ளை. கடையில் வெள்ளிதான் நன்றாக ஓடுகிறது என்றார்கள். வேண்டாம் என்றேன்.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சியை நாற்காலியில் உட்காரவைத்து, பெட்டியைப் பக்கத்தில் நிறுத்தி, கேமராவைக் கண்ணில் வைத்தவன் கீழே இறக்கிவிட்டேன். உன் படத்தின் ஒரிஜினலை அழித்தது நான்தான், உன்னிடம் மூன்று தடவை பொய் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். அவர் கொஞ்சமும் அதிரவில்லை.

"தெரியும்ணே. அவரே சொன்னாரு. அழிச்சிட்டு முழிக்கிறான், கேக்கக் கேக்க நல்லா ரீல் விடுறான்னு சிரிச்சாரு. அதுக்குத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாரு."

அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"அவனா வந்து சொல்லுவான், அன்னிக்கு நல்ல சட்டையா போட்டுக்கிட்டு இன்னொண்ணு எடுத்துக்குவேன்னாரு. சட்டைகூட வாங்கி வெச்சிருந்தாரு."

இவ்வளவு காலமும் நான் உன்னைக் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சட்டை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாய்.

தங்கச்சியை ஆறு படம் எடுத்தேன். முதல் மூன்று டெஸ்ட். ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறார், ஒன்றில் முந்தானையால் மூக்கைத் துடைக்கிறார். ஆறும் இருக்கிறது. எதையும் அழிக்கவில்லை. இப்போதெல்லாம் எந்த டெஸ்ட் படத்தையும் அழிப்பதில்லை. கார்டு நிறைந்தால் வேறு கார்டு போட்டுக்கொள்கிறேன்.

எடுத்து முடித்து ஸ்டாண்டைத் தூக்கினேன். பெட்டி ஹால் ஃபேனில் பட்டது. ஒட்டுப்பட்டை கழன்று, முன்பக்கத் துணி பறந்துபோய், எனக்காக மேசையில் வைத்திருந்த மீன் குழம்புச் சட்டியில் விழுந்தது. தங்கச்சி எடுத்து இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசிக் காயவைத்துக் கொடுத்தார். மஞ்சள் முழுதாகப் போகவில்லை. வெளிச்சமும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் வருகிறது. அதைக் கேமராவில் சரிசெய்துகொள்ளலாம்.