தம்பி சத்தமாகச் சொன்ன பெயர்

1859 ஏப்ரல் 28, இங்கிலாந்து
மழை. என் கணவர் கண்ணாடி முன் நின்று தேர்தல் பேச்சை ஒப்பிக்கிறார். பத்து வருடமாகப் பாராளுமன்ற உறுப்பினர், கண்ணாடிக்கே சலித்திருக்கும்.

ஏப்ரல் 30
வாக்குப்பதிவு. சந்தை மேடையில் ஏறி, ஊர் கேட்கப் பெயரைச் சொல்ல வேண்டும். என் தம்பி ஜாஸ்பர் ஏறினான், தொப்பியைக் கழற்றினான், எதிராளியின் பெயரைச் சொன்னான்! “மச்சானே கவுத்துட்டான்டா!” என்று எவனோ கத்த, ஒரே சிரிப்பு. இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.
ஜெயித்தது இவர்தான்.

மே 2
ஜாஸ்பரை மாவு ஆலையிலிருந்து காலி செய்யச் சொல்லிவிட்டார். எங்கள் அப்பா கட்டிய ஆலை, நிலம் மட்டும் இவருடையது.
“தம்பி பொண்டாட்டி எல்லன் மாசமா இருக்கா. இந்த நேரத்துல எங்க போவாங்க?”
“ஊரே சிரிச்சுது, ஹென்ரியட்டா. நீயும் சேர்ந்து சிரிச்சியா?”
காலில் விழாத குறை. அடப்பாவி மனுஷா, ஒரு பேருக்காகவா?

மே 29
ஜாஸ்பரும் எல்லனும் கனடா கப்பலுக்குப் போய்விட்டார்கள். வழியனுப்ப விடவில்லை. வீட்டில் வெற்றி விருந்து, நான் சிரித்தபடி பரிமாற வேண்டுமாம். பரிமாறினேன்.

செப்டம்பர் 4
ஜாஸ்பரின் கடிதம். எல்லன் கப்பலிலேயே பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. இருவரையும் கடலில் இறக்கினார்களாம்.
சாப்பாட்டு மேசையில் இவரிடம் சொன்னேன். “பாவம்” என்றார். பிறகு கடுகு விழுதைக் கேட்டார்.

1865 ஜூலை 9
மறுபடி தேர்தல். இந்த முறை இழுபறி.
“கடைத்தெருவுல நீ ஏறி இறங்கினா போதும். உன் முகத்துக்காகப் போடுவாங்க.”
அங்கே ஒரு கடைகூட இவர் நிலத்தில் இல்லை. மிரட்ட முடியாது, அதனால்தான் நான்.
சரி என்றேன்.

ஜூலை 10
போனேன். இறைச்சிக் கடை ஹாப்ஸன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “தம்பி எப்படிம்மா இருக்கார்? எல்லன், குழந்தை எல்லாம் சௌக்கியமா?”
சொன்னேன். இத்தனை வருடம் எங்கள் வீட்டுக்கு வெளியே போகாத செய்தி. ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.
எந்தக் கடைக்குப் போனாலும் அதே கேள்விதான். எல்லோருக்கும் சொன்னேன். கிளம்பும்போது, “என் கணவருக்கே உங்கள் ஓட்டு” என்று கேட்கவும் தவறவில்லை.

ஜூலை 13
ஹாப்ஸன் மேடையில் ஏறி எதிராளியின் பெயரைச் சொன்னார். அவருக்குப் பின்னால் கடைத்தெரு முழுக்க அதே பெயர். தோற்றது இவர்தான்.
திரும்பும் வழியில் வண்டிக்குள் இவர் கேட்டார்: “நீ போய்க் கேட்டியா, இல்லையா?”
“ஒரு கடை விடாமக் கேட்டேங்க.”